ஓடாத வண்டியில் எரியும் எண்ணெய்

மோட்டார் வண்டி ஓடும்போது எண்ணெய் செலவாகும் என்பதை அறியாதார் இலர். வண்டி நின்றாலும், எஞ்சினை நிறுத்தாதவரையில், எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் யாவரும் ஒருவாறு அறிவர். ஆயினும் அவ்வாறு எரிவது எவ்வளவு என்று அளந்து பார்த்தவர் மிகச் சிலரே. ரயில்வே கேட்டில் காத்திருக்கும் காரிலும், வரப்போரம் நிறுத்திய டிராக்டரிலும், சர்க்கரை ஆலை வாசலில் அடியடியாக நகரும் கரும்பு வண்டியிலும் இங்ஙனம் போகும் எண்ணெய் ஒருவர் கணக்கிலும் ஏறுவதில்லை. உழவுக்கு இத்தனை, பரம்படிக்க இத்தனை, பாரம் ஏற்றிச் செல்ல இத்தனை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் குடியானவர்கூட, சும்மா நின்றதற்கு இத்தனை என்று ஒரு வரி எழுதுவதில்லை. பட்டறைக்காரர்கள் ‘ஐடிலிங்’ என்று வழங்கும் இந்த வெறும் ஓட்டத்தின் செலவு சிறியது என்று எண்ணுவதே அதற்குக் காரணம். மணிக் கணக்கில் பார்த்தால் அது சிறியதுதான். அதைக் கடைசியில் செலுத்துகிறவர் யார் என்று பார்க்கும்போதுதான் விஷயம் சிறியதன்று என்பது விளங்கும்.

முதலில் காரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க நாட்டு ஆர்கான் தேசிய ஆராய்ச்சிச்சாலையாரின் கணக்குப்படி, 2 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சிறு கார், குளிர்சாதனம் முதலியவற்றின் சுமை இல்லாத நிலையில், நின்றபடியே மணிக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர் எரிக்கிறது, 4.6 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய கார் 1.5 லிட்டர் வரையில் எரிக்கிறது. கனடா அரசாங்கத்தின் இயற்கை வளத் துறையாரோ, 3 லிட்டர் எஞ்சின் 10 நிமிடத்திலேயே 300 மில்லிலிட்டர் வீணாக்கும் என்கின்றனர். இவ்விரண்டு கணக்குக்கும் நடுவே ஏறக்குறைய இருமடங்கு வேற்றுமை இருக்கிறது. இதைக் கண்டு எவரும் மயங்க வேண்டுவதில்லை. எஞ்சின் சூடேறியிருக்கிறதா, குளிர்ந்து கிடக்கிறதா, குளிர்சாதனம் ஓடுகிறதா, விளக்குகள் எரிகின்றனவா, எஞ்சின் எத்தனை ஆண்டு உழைத்தது என்பவற்றைப் பொறுத்து அளவு மாறுவது இயல்பே. இந்தியாவில் பெரும்பாலார் வைத்திருக்கும் 1 லிட்டர், 1.2 லிட்டர் கார்கள் மேற்சொன்னவற்றிலும் சிறியவை என்பது மெய். ஆனால் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் ஓடாமல் நிற்கும் காரைக் காண்பது அரிது.

நிறுத்தி மறுபடி கிளப்பினால் அதைவிட அதிகமாக எண்ணெய் செலவாகுமே என்று பலர் சொல்வதுண்டு. இதையும் மேற்படி ஆராய்ச்சிச்சாலையார் சோதித்திருக்கின்றனர். சூடேறிய கார் 10 வினாடிக்கு மேல் நின்றபடி ஓடினால், நிறுத்தி மறுபடி கிளப்புவதற்கு ஆகும் எண்ணெயைக் காட்டிலும் மிகுதியாக எரித்துவிடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. டெல்லி நகரில் 2020ஆம் ஆண்டு அக்டோபரில், சிவப்பு விளக்கு எரியும்போது எஞ்சினை நிறுத்துமாறு அரசாங்கத்தார் ஓர் இயக்கம் நடத்தினர். அது காற்று மாசைக் கருதி எழுந்த இயக்கமாயினும், எண்ணெய்க் கணக்கும் அதற்குத் துணை நின்றது.

ஆனால் குடியானவருக்குக் காரைவிட டிராக்டரே முக்கியம். 1978ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் பெட்ரோலியத் துறையைச் சார்ந்து இயங்கிவரும் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தார், வேலையின்றி ஓடவிட்ட டிராக்டர் மணிக்கு 1 லிட்டருக்கு மேல் டீசலை வீணாக்கும் என்று விவசாயிகளுக்கு நெடுநாளாக எடுத்துச் சொல்லி வருகின்றனர். நடுத்தர டிராக்டர் ஒன்று கலப்பையோ ரோட்டவேட்டரோ இழுத்து முழு வேலை செய்யும்போது மணிக்கு 4 முதல் 6 லிட்டர் வரை செலவாகிறது என்பது ஊரில் பலரும் அறிந்தது. அங்ஙனமாயின் எவ்வேலையும் செய்யாமல் நிற்கும் டிராக்டர், வேலை செய்யும் டிராக்டர் தின்னும் எண்ணெயில் நாலில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை தின்கிறது.

அந்த 1 லிட்டரின் மதிப்பை வேறு விதமாகவும் பார்க்கலாம். 5 குதிரைத் திறனுள்ள டீசல் பம்பு எஞ்சின் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ 1 முதல் 1.25 லிட்டர் டீசல் வேண்டும. அவ்வெஞ்சின் நடுத்தரமான பம்பு ஒன்றைக் கொண்டு, மொத்தம் 10 மீட்டர் உயரத்துக்கு, ஒரு மணியில் சுமார் 60,000 லிட்டர் நீரை இறைக்கும். அந்நீரைக் கொண்டு 30 சென்ட் நிலத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் கட்டலாம். ஆகவே களத்து மேட்டில் ஒரு மணி நேரம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் டிராக்டர், 30 சென்ட் பயிருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சுவதற்கான எண்ணெயைப் புகையாக விடுகிறது என்று கொள்வதில் பிழையில்லை. காவிரியில் நீர் வராத ஆண்டில், கடைமடையில், வாடகைக்கு எஞ்சின் வைத்து ஒரு தண்ணீருக்காகத் தவித்தவர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டுவதில்லை.

வேலை செய்யாத எஞ்சினுக்கு எண்ணெய் ஏன் வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. பிஸ்டன்கள் மேலும் கீழும் உராய்வதற்கும், தண்டும் பேரிங்குகளும் சுழல்வதற்கும், மசகெண்ணெய்ப் பம்பும் நீர்ப் பம்பும் விசிறியும் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் ஓடுவதற்கும் விசை வேண்டும். டிராக்டரில் இவற்றோடு ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்துகொள்கிறது. எஞ்சின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கு மட்டும் ஆகும் செலவு இது. வேலை நடக்கும்போது எண்ணெயின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் வெளிவேலையாக மாறுகிறது. வெறும் ஓட்டத்திலோ ஒரு பங்கும் வெளிவேலையாக மாறுவதில்லை. சுழற்சி கூடக் கூட உராய்வும் கூடும் ஆதலால், கைவிசையை ஏற்றி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போகும் வழக்கம் இன்னும் கெடுதி. சுழற்சி இருமடங்கானால் வெறும் ஓட்டத்தின் செலவு இருமடங்குக்குக் குறையாது.

மாடு கட்டி உழுத காலத்தில் இந்த நஷ்டம் இருந்ததா என்று கேட்பாரும் உண்டு. மாடும் நிற்கும்போது தீனி தின்னத்தான் செய்தது. ஆனால் அது நின்ற இடத்தில் சாணம் போட்டது. அசை போட்டு இளைப்பாறி அடுத்த ஏருக்குத் தயாராயிற்று. டிராக்டர் நின்ற இடத்தில் விடுவது புகை ஒன்றையே. அன்றியும் அது இளைப்பாறுவதுமில்லை. டீசல் எஞ்சின் சுமையின்றி நெடுநேரம் ஓடும்போது சிலிண்டரில் போதிய சூடு ஏறுவதில்லை. அதனால் எண்ணெய் முற்றும் எரியாமல் நாசில் முனையில் கரி படிகிறது. எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி மசகெண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. புகைக்கரி வடிகட்டி பொருத்தி 2020ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டீசல் கார்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. புகை போதிய சூடில்லாமல் வெளிப்பட்டால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து நீங்குவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் புகை விதிகள் இறுகியிருப்பதால், அத்தகைய வடிகட்டி உள்ள புதிய பெரிய டிராக்டர் வாங்கினவர்கள் இதைச் சிறிது கவனிப்பது நலம்.

இவ்வளவு தெரிந்தும் எஞ்சினை ஏன் நிறுத்துவதில்லை? இவ்வழக்கம் மடமையால் வந்ததன்று. ஒரு காலத்தில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஜெர்மனியில் 1921இல் வெளிவந்த லான்ஸ் புல்டாக் போன்ற பழைய டிராக்டர்களில், எஞ்சினின் தலையை ஊதுவிளக்கால் பல நிமிடம் சூடாக்கிய பின்னரே அதைக் கிளப்ப முடியும். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிய எஞ்சின்கள் சமயத்தில் எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்ததும் உண்டு. காருக்கு மின்சாரத்தால் கிளப்பும் கருவி 1912இல் காடிலாக் வண்டியில் வந்தபோதிலும், அது எங்கும் பரவ நாளாயிற்று. ஒரு முறை கிளப்பினால் மாலை வரையில் நிறுத்தாதே என்று ஆசான் சீடனுக்குச் சொன்னது அக்காலத்துக்குப் பொருந்தும். எஞ்சின் மாறிவிட்டது, உபதேசம் மாத்திரம் தங்கிவிட்டது.

ஆயினும் பழக்கம் ஒன்றையே குறை கூறுவது பாதி உண்மையே ஆகும். கிராமங்களில் டிராக்டர் நிறுத்தப்படாமல் ஓடுவதற்கு மெய்யான காரணம் பாட்டரியே. வலுவிழந்த பாட்டரியுள்ள டிராக்டரை நடுவயலில் நிறுத்திவிட்டால், அதைக் கிளப்ப நாலு ஆள் தேட வேண்டும், அல்லது இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து இழுக்க வேண்டும். இதை நன்கறிந்த டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுச் சாப்பிடப் போவது அறிவுடைமையேயன்றிச் சோம்பல் ஆகாது. பாட்டரி மாற்றித் தராமல், டீசல் அதிகமாகிறது என்று டிரைவரைக் கடிந்துகொள்ளும் சொந்தக்காரர்கள் பலர் உளர். அவர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்பது தகும். ஆண்டுக்கு 600 மணி உழைக்கும் டிராக்டரில் ஆறில் ஒரு பங்கு வெறும் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் அது 100 மணி. எண்ணெய் 100 லிட்டருக்குக் குறையாது. சென்னையில் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டீசல் விலை லிட்டருக்கு 92 ரூபாயை ஒட்டி இருந்தது. அவ்விலையில் 9,200 ரூபாய் ஆகிறது. ஒரு நல்ல டிராக்டர் பாட்டரியின் விலை ஏறத்தாழ அவ்வளவே, அல்லது அதிலும் சற்றுக் குறைவு. புதிய பாட்டரி சாதாரணமாக ஓராண்டில் தீர்ந்துவிடுவதும் இல்லை. பழைய பாட்டரியைக்கூட, வடிநீர் குறையாமல் பார்த்து, முனைகளில் பூத்த வெள்ளையைச் சுடுநீர் விட்டுத் துடைத்து, கம்பிகளை இறுக்கி வைத்தால் பல சமயம் உயிர் பெறும்.

இனி, இச்செலவைச் செலுத்துகிறவர் யார் என்பதைக் காணலாம். டிராக்டர் சொந்தமாக உள்ளவர் தம் எண்ணெயைத் தாமே வீணாக்கினால் அது அவர் பாடு. ஆனால் தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர்களே மிகப் பலர். அவர்கள் டிராக்டரை வாடகைக்கே அமர்த்துகின்றனர். வாடகை பெரும்பாலும் மணிக் கணக்கு. அரசாங்க வேளாண்மைப் பொறியியல் துறையும் மணி வாடகைக்கே இயந்திரங்களை அளிக்கிறது. மணி ஓடுவது எஞ்சின் ஓடுவதைக் கொண்டு கணக்கிடப்படுமானால், கலப்பை மாட்டும்போதும், செல்போனில் பேசும்போதும், வரப்பு எது என்று பங்காளிகள் வாதிடும்போதும் ஓடிய எஞ்சினுக்கு வாடகைக்கு அமர்த்தியவரே பணம் தருகிறார். ஒரு லிட்டர் எண்ணெய் போவதோடு அது முடியவில்லை. உழாத 20 நிமிடத்துக்கு உழுத வாடகையும் போகிறது. எண்ணெய் நஷ்டம் வண்டிக்காரருக்கு. அதைப்போல் பல மடங்கான வாடகை நஷ்டம் ஏழைக்கு. வண்டிக்காரருக்கு அந்த 20 நிமிடத்தில் எண்ணெய்ச் செலவைக் கழித்தும் லாபமே மிஞ்சுவதால், எஞ்சினை நிறுத்தும்படி அவரைத் தூண்டுவதற்கு ஒன்றுமில்லை.

இதற்குப் பரிகாரமாக ஏக்கர் கணக்கில் வாடகை பேசலாம் என்பது சிலர் கருத்து. அதில் ஓர் ஆபத்து உண்டு. ஏக்கர் கணக்கானால் வேகமாக முடிப்பதே வண்டிக்காரருக்கு லாபம், உழவு மேலோட்டமாகிவிடும், மூலைகள் விடுபடும். ஆழ உழ வேண்டிய கோடை உழவுக்கு இது சிறிதும் ஏற்றதன்று. மணிக் கணக்கே இருக்கட்டும். எஞ்சினை நிறுத்திய நேரம் கணக்கில் சேராது என்றும், வேலையின்றி 5 நிமிடத்துக்கு மேல் நின்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றும் வயலில் இறங்குவதற்கு முன்னரே பேசிக்கொள்வது இதனினும் நல்ல ஏற்பாடு. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் சங்கமாகவோ குழுவாகவோ சேர்ந்து கேட்கலாம். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் வாடகை மையம் நடத்தும் ஊர்களில் இவ்விதியை ரசீதிலேயே அச்சிட்டுவிடலாம்.

நெல் அறுவடை இயந்திரத்தின் விஷயம் இன்னும் கடுமையானது. தை மாதத்தில் காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா ஒரே சமயத்தில் முற்றுகிறது. வெளி மாவட்டங்களிலிருந்து பெல்ட் வண்டியும் டயர் வண்டியும் வந்து இறங்குகின்றன. வாடகையோ மழை மேகத்தைப் பார்த்து ஏறுகிறது. தானியத் தொட்டி நிறைந்ததும் இயந்திரம் வரப்போரம் வந்து நிற்கும். நெல்லை வாங்கிக்கொள்ள டிரெய்லர் வந்து சேராவிட்டால் அது அங்கேயே உறுமிக்கொண்டு காத்திருக்கும். கதிரடிக்கும் உருளையையும் சல்லடைகளையும் இயக்கத்தை விட்டு விடுவிக்காமல், விசையையும் குறைக்காமல் நின்றால், இயந்திரத்தின் பெரும்பகுதி நெல்லின்றியே சுழல்கிறது. டிராக்டரின் வெறும் ஓட்டத்தோடு ஒப்பிடத்தக்க செலவன்று இது. எஞ்சினும் பெரிது, சுழலும் பாகங்களும் பல.

இவ்விடத்தில் டிரைவரைவிட நிலத்துக்குரியவர் செய்யக்கூடியது மிகுதி. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னரே நீரை வடித்துவிட்டால் இயந்திரம் சேற்றில் புதைந்து நிற்காது. வயலின் நான்கு மூலைகளிலும் இயந்திரம் திரும்பும் அளவுக்கு அரிவாளால் முன்கூட்டியே அறுத்து வைத்தால், திரும்பும் இடத்தில் தடுமாறிக் கழியும் நேரம் மிச்சமாகும். டிரெய்லர் நிற்கும் இடத்தையும், அங்கு வந்துசேரும் பாதையையும் முதல் நாளே பார்த்து, இடையில் உள்ள வாய்க்காலுக்குப் பலகையோ குழாயோ போட்டு வைக்க வேண்டும். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் அறுக்க இசைந்தால், இயந்திரம் ஒரு வயலிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றி அலையும் ஓட்டமும் குறையும். ஒரு மணி வாடகையில் 10 நிமிடம் மிச்சமானால்கூட, ஓர் ஏக்கர்க்காரருக்கு அது ஓர் ஆள் கூலிக்கு ஈடாகலாம்.

கரும்பு ஆலை வாசலில் காத்திருக்கும் வண்டிகளின் நிலை வேறு. அங்கே வரிசை அடிக்கடி சிறிது சிறிதாக நகர்வதால், ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கிளப்புவது டிரைவருக்குத் தொல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசை எண் கொடுத்து, வண்டிகளைப் பத்துப் பத்தாக விடும் முறையே அதற்கு மருந்து. அது ஆலையாரின் கையில் உள்ளது.

எஞ்சினை எப்போதும் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது கருத்தன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும், மசகெண்ணெய் எங்கும் பரவ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மெல்ல ஓடவிட்டுப் பின் வேலையில் இறங்கலாம். அரைமணி சூடேற்றுவது வீண். டர்போ பொருத்திய எஞ்சின் கடுமையாக உழைத்து முடிந்தவுடன் சட்டென்று நிறுத்தினால், பெருஞ்சூட்டில் சுழலும் டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் வருவது நின்று அது கெடும். ஆதலால் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துவதே முறை. பாட்டரி நலிந்திருக்கும் நாளில் நிறுத்தியே தீர வேண்டுமானால், சரிவான இடத்தில் நிறுத்துவதை டிரைவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுவதில்லை.

பிறர் சொல்லும் எண்களை நம்பாதவர்கள் தம் வண்டியைத் தாமே அளந்து பார்க்கலாம். டிராக்டரைச் சமதளத்தில், கொட்டகைக்குள் அல்லாமல் வெளியே நிறுத்த வேண்டும். அடைத்த இடத்தில் தேங்கும் புகை உயிருக்குக் கேடு. எஞ்சின் நன்கு சூடேறிய பின் நிறுத்தி, டாங்கியைக் கழுத்து வரையில் மெல்ல நிரப்பி, நுரை அடங்கியபின் எண்ணெய் நிற்கும் இடத்தில் ஒரு குறி வைக்க வேண்டும். பின்னர்க் கடிகாரம் பார்த்துச் சரியாக ஒரு மணி நேரம், கைவிசையைத் தாழ்த்தி, வெறுமனே ஓடவிட வேண்டும். நிறுத்தியதும் அதே குறி வரும் வரையில் அளவு ஜாடியால் டீசலை ஊற்றினால், ஊற்றியதே அந்த ஒரு மணியின் செலவு. மறுநாள் கைவிசையைப் பாதி ஏற்றி வைத்து இதையே செய்தால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை தெரியவரும். இரண்டு எண்களையும் தேதியோடு டிராக்டரின் மட்கார்டில் உட்புறமாகப் பெயிண்டால் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு இதே சோதனையில் எண்ணெய் கூடுதலாகப் போயிற்றென்றால், நாசிலையும் காற்று வடிகட்டியையும் பட்டறையில் காட்ட வேண்டிய காலம் வந்தது என்று அறியலாம்.